பழைய கேஸ் ஸ்டேஷன் மனையும் நிலத்தடி நீர்க் கண்காணிப்பும்: கலிபோர்னியாவில் மனை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கலிபோர்னியாவில் மூலை மனை ஒன்று அக்கம்பக்கத்து விலையைவிடக் குறைவாக வருகிறதென்றால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "இங்கே முன்னால் கேஸ் ஸ்டேஷன் இருந்ததா?" பம்பும் கூரையும் போய்ப் பல வருடம் ஆகியிருக்கலாம். தரைக்கடியில் புதைத்திருந்த தொட்டியிலிருந்தும் குழாயிலிருந்தும் கசிந்த பெட்ரோல் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இன்னும் கிடக்கலாம். அப்படி ஒரு மனையைக் குடும்பமாகச் சேர்ந்து வாங்கிவிட்டு, நிலத்தடி நீரைச் சோதித்துப் பார்க்கப் போடும் கண்காணிப்புக் கிணறு, லேப் அறிக்கை, அரசுக் கடிதம் என்று அலைந்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன். வரிசையாக உட்கார்ந்து சொல்லித்தர எங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை.

இந்த வேலை முடிகிற இடம், கசிவுக் கோப்பை மூடிவிட்டோம் என்று அரசு தரும் மூடல் கடிதம். நீங்கள் போடும் ஒவ்வொரு கிணறும் எடுக்கும் ஒவ்வொரு மாதிரியும், அந்தக் கடிதத்தைத் தருவதற்கு முன் அரசு கேட்கும் ஏதோ ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் உதவாத மாதிரிக்கும் அதே பில்தான் வரும்.

கீழே உள்ள விதிகளும் அளவுகளும் கலிபோர்னியாவுக்கானவை. டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்களுக்கு வேலையின் வரிசை உதவும், எண்கள் உதவாது.

1. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஜியோட்ராக்கரைப் பாருங்கள்

ஜியோட்ராக்கர் என்பது மாநில நீர்வள வாரியத்தின் பொதுத் தரவுத்தளம். காசு கிடையாது, கணக்கும் தேவையில்லை. முகவரியைப் போட்டுத் தேடினால் அந்த மனைக்கும் சுற்று வட்டாரத்துக்கும் உள்ள கசிவுக் கோப்புகள் வரைபடத்தில் வரும். கோப்பைத் திறந்ததும் முதலில் அதன் நிலையைப் பாருங்கள். ஆய்வு நடக்கிறதா, சுத்திகரிப்பு நடக்கிறதா, சரிபார்ப்புக் கண்காணிப்பில் இருக்கிறதா, மூடத் தகுதியானது என்று குறித்திருக்கிறார்களா, மூடியே விட்டார்களா என்று அங்கே இருக்கும். பழைய அறிக்கைகளும் கடிதங்களும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். விலை பேசுவதற்கு முன் ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கிக் கடைசி இரண்டு கண்காணிப்பு அறிக்கைகளையாவது படித்துவிடுங்கள்.

பக்கத்து மனைகளின் கோப்புகளையும் விட்டுவிடாதீர்கள். தெரு முக்கில் எதிரும் புதிருமாக இரண்டு மூன்று ஸ்டேஷன்கள் இருந்த இடங்களில் அந்தப் பக்கத்துக் கசிவு உங்கள் கிணற்றில் வந்து நிற்பதுண்டு.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. "முதல் கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வு செய்துவிட்டால் சட்டப் பாதுகாப்பு கிடைக்கும்" என்று தரகர்கள் சொல்வார்கள். வாங்குவதற்கு முன் மனையின் பழைய வரலாற்றை ஆவணங்களிலும் நேரிலும் பார்த்து எழுதும் அறிக்கை அது. அந்தப் பாதுகாப்பு சூப்பர்ஃபண்ட் என்ற மத்தியச் சட்டத்திலிருந்து வருவது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் அபாயப் பொருள்களில் பெட்ரோலியம் சேராது. கலிபோர்னியாவிலோ கசிவு நடந்த நிலத்தின் இன்றைய உரிமையாளரையும் பொறுப்பாளி என்று சேர்க்க முடியும். நீர்ச் சட்டம் 13304 ஆம் பிரிவைக் காட்டியே உங்களுக்கு உத்தரவு வரலாம். பெட்ரோலைச் சிந்தியது நீங்களா என்று அந்த உத்தரவு பார்க்காது. அதனால் முதல் கட்ட ஆய்வைச் செய்யுங்கள், ஆனால் அதைக் கவசமாக நினைத்து உள்ளே இறங்காதீர்கள். சுற்றுச்சூழல் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் இரண்டு மணி நேரம் பேச ஆகும் கட்டணம் பின்னால் வரும் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டியவை: கண்காணிப்புச் செலவு யாருடையது, மூடல் கடிதம் வரும்வரை எவ்வளவு பணம் எஸ்க்ரோவில் (இருவருக்கும் பொதுவான மூன்றாம் நபரிடம்) நிற்கும், பழைய ஆவணங்கள் எல்லாவற்றையும் விற்பவர் எந்தத் தேதிக்குள் தருவார். மாநிலத்தின் தொட்டிச் சுத்திகரிப்பு நிதியில் விற்பவருக்கு உரிமைக்கோரல் ஏதும் இருந்தால், அதை அவர் கைவிடாமல் தொடர்ந்து நடத்துவார் என்ற வரியும் வேண்டும். ஏன் என்பதை 8 ஆம் படியில் சொல்கிறேன்.

2. உங்கள் கோப்பு யார் மேசையில் இருக்கிறது?

கலிபோர்னியாவில் ஒன்பது வட்டார நீர்த்தர வாரியங்கள் இருக்கின்றன. சில கவுண்டிகளில் இந்தப் பொறுப்பை உள்ளூர் மேற்பார்வைத் திட்டம் என்ற பெயரில் கவுண்டி அலுவலகமே பார்க்கிறது. ஜியோட்ராக்கர் பக்கத்தில் எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று இருக்கும். வாங்கிய கையோடு அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, புது உரிமையாளர் நீங்கள்தான் என்று தெரிவியுங்கள். இல்லையென்றால் கடிதங்கள் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும், அதில் உள்ள கெடு மட்டும் உங்களுக்கு ஓடும்.

தொலைபேசியில் பேசியது எதையும் அன்றைக்கே ஒரு சிறு மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுங்கள். எங்கள் கோப்பை இடையில் வேறு அதிகாரிக்கு மாற்றினார்கள். முன்னவர் வாய்மொழியாகச் சரி என்றதை அடுத்தவர் எப்படி ஒப்புக்கொள்வார்? மின்னஞ்சல் இருந்ததால் பிழைத்தோம்.

3. ஆவணங்களைத் திரட்டுங்கள்

ஆலோசகரைத் தேடுவதற்கு முன்பே இவை கையில் இருந்தால் கொட்டேஷன் விலை குறையும், ஏற்கெனவே செய்த வேலைக்கு மறுபடி பணம் கட்டவும் வேண்டியிருக்காது:

- தொட்டிகளைத் தோண்டி எடுத்தபோது எழுதிய அறிக்கை, குழியின் அடியில் எடுத்த மண் மாதிரி முடிவுகளோடு
- கசிவு கண்டதாக முதலில் கொடுத்த அறிவிப்பு
- தொட்டிகளுக்கான பழைய அனுமதிச் சீட்டுகள்
- ஒவ்வொரு துளையிலும் எந்த ஆழத்தில் என்ன மண் இருந்தது என்ற பதிவு, கிணற்றின் கட்டமைப்புப் படம்
- இதுவரை வந்த எல்லாக் கண்காணிப்பு அறிக்கைகளும்
- மண்ணையும் நீரையும் அப்புறப்படுத்திய கழிவுச் சீட்டுகள்

ஜியோட்ராக்கரில் இல்லாதவற்றைக் கவுண்டி சுற்றுச்சூழல் சுகாதார அலுவலகத்திலும் நகரத் தீயணைப்புத் துறையிலும் பொது ஆவணக் கோரிக்கை போட்டு வாங்கலாம். தொட்டி அனுமதிச் சீட்டு பெரும்பாலும் தீயணைப்புத் துறைக் கோப்பில்தான் தூங்கும். பதில் வரச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் இதை முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

4. ஆலோசகரைத் தேர்ந்தெடுத்தல்

அறிக்கையில் கலிபோர்னியா உரிமம் பெற்ற புவியியலாளரோ பொறியாளரோ கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். மாநில நிதியிலிருந்து பணம் திரும்பப் பெறும் எண்ணம் இருந்தால் மூன்று கொட்டேஷன் வாங்குவது கட்டாயம். அந்த எண்ணம் இல்லாவிட்டாலும் வாங்குங்கள்.

மூன்று பேருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுங்கள். இத்தனை கிணறு, இன்னின்ன சோதனை, கழிவு நீர் அகற்றுவது சேர்த்தா சேர்க்காமலா, ஜியோட்ராக்கர் பதிவேற்றம் சேர்த்தா என்று எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். கழிவு அகற்றும் செலவையும் பதிவேற்றத்தையும் வெளியே வைத்து விலையைக் குறைத்துக் காட்டுவது சகஜம்.

பேசும்போது நான் கேட்கச் சொல்லும் ஒரே கேள்வி: "இந்தக் கோப்பை மூடுவதற்கு இன்று எது தடையாக இருக்கிறது?" பழைய அறிக்கைகளைப் படித்துவிட்டு அதற்கு நேராகப் பதில் சொல்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். "இன்னும் கொஞ்ச நாள் கண்காணித்துப் பார்க்கலாம்" என்பவர் நல்ல மனிதராக இருக்கலாம், உங்கள் பணத்துக்கு நல்லவர் இல்லை.

5. கிணறு போடுதல்: அனுமதி, ஆழம், இடம்

பழைய கிணறுகளே போதும் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். புதிதாகப் போட வேண்டியிருந்தால் முதலில் வேலைத் திட்டம் ஒன்றை எழுதி அதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அதன் பிறகு கவுண்டியிடமோ உள்ளூர் நீர் மாவட்டத்திடமோ கிணற்று அனுமதி. தெருவிலோ நடைபாதையிலோ போடுவதென்றால் நகராட்சியின் தனி அனுமதியும் போக்குவரத்துத் திட்டமும் வேண்டும். பக்கத்து மனையில் போடுவதென்றால் அந்த உரிமையாளரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம். துளை போடுபவருக்குக் கிணறு தோண்டும் ஒப்பந்தக்காரர்களுக்கான சி-57 உரிமம் இருக்க வேண்டும். தோண்டும் இடத்தை வெள்ளைச் சுண்ணாம்பால் குறித்து, குறைந்தது இரண்டு வேலை நாள் முன்பே, தரைக்கடியில் உள்ள இணைப்புகளைக் குறித்துத் தரும் 811 எண்ணை அழைத்துச் சொல்ல வேண்டும். அழைத்த நாள் கணக்கில் வராது. 811 காரர்கள் பொது இணைப்புகளை மட்டுமே குறிப்பார்கள். மனைக்குள் ஓடும் பழைய குழாயையும் மின்கம்பியையும் தேட தனி ஆள் வைக்க வேண்டும்.

தெருவில் போடும் கிணறுதான் பணத்தைத் தின்னும். துளை போடும் கூலியைவிடச் சாலை அனுமதி, தடுப்புகள், கொடி பிடிக்கும் ஆள் இவற்றுக்கு அதிகம் ஆகிவிடும். அனுமதிக்கான காத்திருப்பும் வாரக்கணக்கில் போகும்.

நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணக்கிடக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும், அவை ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. பொதுவாக ஒன்று மேல்நீர்ப் பக்கம் (நிலத்தடி நீர் வரும் பக்கம்), ஒன்று தொட்டி இருந்த இடத்தருகே, மீதி கீழ்நீர்ப் பக்கம் (அது ஓடிப் போகும் பக்கம்).

அடுத்து ஆழம். ஊரில் போர் போட்டுப் பார்த்தவர்களுக்கு எவ்வளவு ஆழமாகப் போனால் அவ்வளவு நல்லது என்ற எண்ணம் இருக்கும். இங்கே கதை வேறு. பெட்ரோல் நீரைவிட லேசானது. ரசத்தின் மேல் நெய் நிற்பதுபோல நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். ஆகவே குழாயில் துளையிட்ட பகுதி நீர்மட்டத்தைக் குறுக்கே கடந்து, கொஞ்சம் மேலேயும் கொஞ்சம் கீழேயும் இருக்க வேண்டும். துளைப் பகுதி முழுவதும் நீரில் மூழ்கிவிட்டால் மேலே மிதக்கும் படலம் கிணற்றுக்குள் வராது, அறிக்கையில் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். வறட்சிக் காலத்தில் போட்ட கிணறு நல்ல மழை வருடத்தில் இப்படி மூழ்கும். மழைக் காலத்தில் ஆழம் குறைவாகப் போட்டது வறட்சியில் காய்ந்துபோகும். பழைய நீர்மட்டப் பதிவுகளை வைத்து உச்சமும் தாழ்வும் என்னவென்று பார்த்த பிறகுதான் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். வேலைத் திட்டத்தில் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டிய வரி இதுதான்.

போட்டு முடித்ததும் உரிமம் பெற்ற அளவையாளர் வந்து ஒவ்வொரு கேசிங்கின் (கிணற்றுக் குழாயின்) மேல்விளிம்பின் உயரத்தையும் ஓர் அடியின் நூறில் ஒரு பங்கு வரை துல்லியமாக அளக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்ட வித்தியாசமே சில அங்குலம்தான் இருக்கும், அளவு தவறினால் ஓட்டத்தின் திசையே மாறிவிடும்.

இன்னொன்று: வாகன நிறுத்தத்துக்குப் புதிதாகத் தார் போட வருபவர்கள் கிணற்று மூடியின் மேலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தார் ஒப்பந்தக்காரருக்குக் கிணறுகள் குறித்த வரைபடத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். காணாமல் போன கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்து முறைப்படி அடைக்கும்வரை மூடல் கடிதம் நகராது.

6. மாதிரி எடுக்கும் நாள்

முதல் தடவையாவது நீங்களே போய் நில்லுங்கள். ஓரமாக நின்று பார்த்தால் போதும். பார்க்க வேண்டியவை:

முதலில் எல்லாக் கிணற்று மூடிகளையும் திறந்து, நீர்மட்டம் நிலைப்பட விட்டு, எல்லாவற்றிலும் ஒரே சுற்றில் அளக்க வேண்டும். ஒன்றைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் அளந்தால் ஒப்பிட முடியாது. மூடிப் பெட்டிக்குள் மழை நீர் நின்றால், குழாயின் அடைப்பைத் திறப்பதற்கு முன் அதை இறைத்துவிட வேண்டும். மிதக்கும் படலம் இருக்கிறதா என்று எண்ணெயையும் நீரையும் பிரித்துக் காட்டும் கருவியால் பார்ப்பார்கள்.

வேலை சுத்தமான கிணற்றில் தொடங்கி மோசமான கிணற்றில் முடிய வேண்டும். வரிசை மாறினால் ஒரு கிணற்றின் பென்சீன் (பெட்ரோலில் உள்ள நச்சுப் பொருள்) அடுத்த கிணற்றின் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்து குழாயில் தேங்கிய பழைய நீரை வெளியேற்ற வேண்டும். பழைய முறையில் குழாயில் நிற்கும் நீரைப்போல் மூன்று மடங்கு இறைப்பார்கள். 2 அங்குலக் குழாயில் ஓர் அடிக்குச் சுமார் 0.16 கேலன் நீர் நிற்கும். 10 அடி நீர் என்றால் 1.6 கேலன், மூன்று மடங்குக்கு 5 கேலன் அளவு. 4 அங்குலக் குழாயில் ஓர் அடிக்கு 0.65 கேலன் என்பதால் இது நான்கு மடங்காகும், கழிவு டிரம்மும் அந்த வேகத்தில் நிறையும். மெல்ல இறைக்கும் முறையில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாக இறைத்து, வெப்பநிலை, அமிலத்தன்மை, மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன் எல்லாம் ஒரு நிலைக்கு வந்ததும் மாதிரி எடுப்பார்கள். எதுவானாலும் ஒவ்வொரு முறையும் ஒரே முறையைப் பின்பற்றச் சொல்லுங்கள். நடுவில் முறையை மாற்றினால், எண் குறைந்தது மாசு குறைந்ததாலா, முறை மாறியதாலா என்று அதிகாரி கேட்பார். அவர் கேட்பது நியாயம்.

மாதிரி 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பிகளில் போகும். உள்ளே கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முன்பே இருக்கும். குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு குமிழிகூட எழும்பக் கூடாது. குமிழி இருந்தால் பென்சீன் அதற்குள் ஆவியாகப் போய்விடும். உடனே ஐஸ் பெட்டியில் வைத்து, 14 நாளுக்குள் லேபில் சோதித்துவிட வேண்டும். கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் தேதி, நேரம், கையெழுத்தோடு மாதிரிக் கைமாற்றுப் படிவம் கூடவே போகும். அதில் ஒரு நேரம் விட்டுப்போனாலும் பின்னால் கேள்வி வரும். லேபிலிருந்து கிளம்பித் திறக்காமலே திரும்பும் சோதனைக் குப்பி ஒன்றும் ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டும். வழியில் ஏதாவது கலந்ததா என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றிய கையுறையோடு குப்பியைத் தொடுவது, வண்டியை ஓடவிட்டு அதன் புகைக்குப் பக்கத்தில் குப்பியைத் திறப்பது இரண்டையும் கண்டால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். நாம் தேடுவதே பெட்ரோலைத்தான்.

இறைத்த நீர் 55 கேலன் டிரம்மில் உங்கள் மனையிலேயே நிற்கும். தேதியும் உள்ளே இருப்பதும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். சட்டப்படி அந்தக் கழிவை உண்டாக்கியவர் நீங்கள்; அப்புறப்படுத்தும் சீட்டில் உங்கள் பெயர்தான் இருக்கும். அபாயகரக் கழிவு என்று லேப் முடிவு காட்டினால் வைத்திருக்கும் காலத்துக்கு வரம்பு உண்டு. டிரம்மை எடுத்துச் செல்லும் தேதியைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

7. லேப் அறிக்கையைப் படிக்கப் பழகுங்கள்

லேபுக்கு மாநில அங்கீகாரம் இருக்க வேண்டும். ஆவியாகும் பொருள்களுக்கு இபிஏ (மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம்) வகுத்த 8260 முறை, மொத்த பெட்ரோல் அளவுக்குப் பெரும்பாலும் 8015 முறை. சாதாரண வேகத்தில் ஐந்து முதல் பத்து வேலை நாளில் முடிவு வரும். அவசரம் என்றால் கூடுதல் கட்டணம், அந்த அவசரம் இங்கே அநேகமாகத் தேவைப்படாது.

கலிபோர்னியாவின் குடிநீர் வரம்புகள், ஒரு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்: பென்சீன் 1, டொலுயீன் 150, எத்தில்பென்சீன் 300, சைலீன்கள் 1750, முன்பு பெட்ரோலில் கலந்த எம்டிபிஇ என்ற சேர்க்கைப் பொருள் 13. சுவைக்கும் வாசனைக்குமாக எம்டிபிஇக்கு 5 என்ற இரண்டாம் வரம்பும் உண்டு. மத்திய அரசின் பென்சீன் வரம்பு 5. வெளி மாநில ஆலோசகரின் அட்டவணையில் 5 என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால் நிம்மதி வரும். அந்த நிம்மதிக்கு முன், அதன் பக்கத்தில் இருக்கும் அறிக்கை வரம்பை, அதாவது லேப் நம்பிச் சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவைப் பாருங்கள். பெட்ரோல் அதிகம் உள்ள மாதிரியை லேபில் நீர்த்துச் சோதிப்பார்கள். நீர்த்த அளவுக்கு அந்த வரம்பும் உயரும். 'எம்டிபிஇ 50-க்குக் கீழ்' என்று வந்தால், வரம்பு 5 ஆக இருக்கையில் அதற்கு என்ன மதிப்பு? குறைந்த நீர்ப்பில் இன்னொரு ஓட்டம் ஓட்டச் சொல்லி முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள். மாதிரி கெட்டுப்போகும் 14 நாள் தாண்டிய பிறகு கேட்டால் முடியாது.

ஒரு தடவை ஏறியதையோ இறங்கியதையோ வைத்து முடிவுக்கு வராதீர்கள். நீர்மட்டம் ஏறும்போது மண்ணில் ஒட்டியிருந்த பெட்ரோல் கரைந்து எண்ணும் ஏறும். வசந்தகால அளவை முந்தைய வசந்தகாலத்தோடும், இலையுதிர்கால அளவை முந்தைய இலையுதிர்காலத்தோடும் ஒப்பிடுங்கள். நீர்மட்டத்தையும் பென்சீனையும் ஒரே வரைபடத்தில் போட்டுத் தரச் சொன்னால் விஷயம் கண்ணுக்கே தெரியும்.

அறிக்கை தயாரானதும் அதையும், லேப் தரும் மின்னணுத் தரவுக் கோப்பையும், நீர்மட்ட அளவுகளையும் ஜியோட்ராக்கரில் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லையென்றால் வேலை முடிந்ததாகவே கணக்கில்லை. லேப் படிவத்தில் கிணற்றின் பெயரில் ஒரு சிறு கோடு விட்டுப்போனாலும் தரவுத்தளம் கோப்பைத் திருப்பி அனுப்பும். களத்திலிருந்து பதிவேற்றம் வரை ஒன்றரை மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளியின் கணக்கை உங்கள் பெயரில் வைத்துக்கொண்டு ஆலோசகருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். ஆலோசகரை மாற்ற நேர்ந்தால் கைமாற்றுவது எளிது.

8. பணம் எங்கிருந்து வரும்?

நான் பார்த்த கொட்டேஷன்களில் ஐந்து கிணறுகளுக்கு ஒரு சுற்று மாதிரி, லேப், அறிக்கை, பதிவேற்றம் எல்லாம் சேர்த்து 5,000 டாலரிலிருந்து 8,000 டாலர் வரை போட்டிருந்தார்கள். இதில் லேப் கட்டணம் சிறு பங்குதான், அறிக்கை எழுதும் மணிக்கணக்குதான் பெரிது. அட்டவணையும் வரைபடமும் முந்தைய அறிக்கையிலிருந்தே தொடர்வதால், இரண்டாம் அறிக்கைக்கு முதல் அறிக்கையின் விலையைக் கொடுக்காதீர்கள்.

மாநிலத் தொட்டிச் சுத்திகரிப்பு நிதி, தொட்டி உரிமையாளர்கள் தொட்டியில் சேமிக்கும் ஒவ்வொரு கேலனுக்கும் கட்டும் கட்டணத்தில் நடக்கிறது. 2015-க்கு முன் போட்ட உரிமைக்கோரல்களுக்குக் கசிவு ஒன்றுக்கு 15 லட்சம் டாலர் வரையும், அதற்குப் பிறகு போட்டவற்றுக்கு 10 லட்சம் டாலர் வரையும் உச்சவரம்பு. விண்ணப்பதாரர்களை ஏ, பி, சி, டி என்று நான்கு முன்னுரிமைப் பிரிவாக வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தொட்டிக்காரர்கள் ஏ, சிறு வியாபாரிகள் பி, 500 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்கள் சி, மற்றவர்கள் டி. முன்பணம் கிடையாது, வேலை செய்து, பில் வந்து, அதைச் சமர்ப்பித்த பிறகுதான் பணம். வேலைக்கு முன் செலவு ஒப்புதல் வாங்காத பில்லை வெட்டுவார்கள்.

வாங்குபவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. இந்த நிதி கசிந்த தொட்டியின் உரிமையாளருக்கோ அதை நடத்தியவருக்கோ உரியது. நீங்கள் வாங்குவதற்கு முன்பே தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டார்கள் என்றால் நீங்கள் தொட்டிக்கு உரிமையாளராக இருந்ததே இல்லை. அப்போது விற்றவரின் உரிமைக்கோரல்தான் ஒரே கதவாக இருக்கலாம். அவர் ஊரைவிட்டுப் போய்விட்டாலோ நிறுவனத்தைக் கலைத்துவிட்டாலோ கதவு மூடிவிடும். ஒப்பந்தத்தில் அந்த வரி வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். பணம் கட்டக்கூடிய பொறுப்பாளியே இல்லாத மனைகளுக்கு மாநில வாரியத்தில் அனாதை மனைகளுக்கான தனி நிதியும் இருக்கிறது, அதையும் விசாரித்துவிடுங்கள்.

9. எத்தனை தடவை, எதுவரை?

"மூன்று மாதத்துக்கு ஒரு முறை" என்று யாராவது கொட்டேஷன் கொடுத்தால், மாநில வாரியத்தின் 2009-0042 எண் தீர்மானத்தைக் காட்டுங்கள். தனிக் காரணம் இல்லாத தொட்டிக் கோப்புகளில் கண்காணிப்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்லது அதற்கும் குறைவாக்கச் சொல்கிறது அது. இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுவது இந்தப் பட்டியலிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் மிச்சப்படுத்தும் வேலை.

கோப்பை மூட வழி சொல்வது 2012 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் உள்ள குறை-ஆபத்து மூடல் கொள்கை. நிலத்தடி நீர் குடிநீர் வரம்புக்கு இன்றே வந்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. கசிவு நின்றதா, பொது நீர் விநியோகம் உள்ள பகுதியா, மிதக்கும் படலத்தை முடிந்தவரை எடுத்தாயிற்றா, மாசு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, அது நகராமல் அல்லது சுருங்கி நிற்கிறதா என்றுதான் கேட்கிறது. நீர் பற்றிய வழிகள் சுருக்கமாக (பென்சீன், எம்டிபிஇ எண்கள் ஒரு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்):

- பரவல் 100 அடிக்குள், மிதக்கும் படலம் இல்லை, அதன் எல்லையிலிருந்து 250 அடிக்குள் நீர் வழங்கும் கிணறோ ஓடையோ இல்லை.
- பரவல் 250 அடிக்குள், படலம் இல்லை, 1000 அடிக்குள் கிணறோ ஓடையோ இல்லை, பென்சீன் 3000-க்குக் கீழ், எம்டிபிஇ 1000-க்குக் கீழ்.
- பரவல் 250 அடிக்குள், மனைக்குள் மட்டும் படலம் மிச்சம், குறைந்தது ஐந்து வருடமாக நிலையாகவோ குறைந்தோ வருகிறது, 1000 அடிக்குள் கிணறோ ஓடையோ இல்லை, தேவைப்பட்டால் நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாட்டை உரிமையாளர் ஏற்கிறார்.
- பரவல் 1000 அடிக்குள், படலம் இல்லை, 1000 அடிக்குள் கிணறோ ஓடையோ இல்லை, பென்சீனும் எம்டிபிஇயும் 1000-க்குக் கீழ்.

இவற்றில் எதிலும் பொருந்தாவிட்டாலும், மனையின் நிலைமையைப் பார்த்து ஆபத்து குறைவு என்று அதிகாரியே முடிவெடுக்க ஐந்தாவது வழி ஒன்று உண்டு. ஆவி கட்டடத்துக்குள் ஏறுவது, மண்ணைத் தொடுவது பற்றியும் தனி நிபந்தனைகள் இருக்கின்றன. கட்டடம் கட்டும் எண்ணம் இருந்தால் ஆவிச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், அதுவே கடைசித் தடையாக வந்து நிற்கும்.

இந்த வழிகளில் உங்கள் மனை எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஆலோசகரோடு உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் குறைவது ஒரே ஒரு தகவலாக இருக்கும்: பரவலின் கீழ்முனையைக் காட்டும் ஒரு கிணறு, அல்லது 1000 அடிக்குள் உள்ள நீர் வழங்கும் கிணறுகளின் பட்டியல். அதை மட்டும் செய்யுங்கள். எல்லாம் பொருந்தியும் அலுவலகம் மூட மறுத்தால் மாநில வாரியத்திடம் மனுப் போடலாம்.

10. மூடும் கட்டம்

அலுவலகம் சரி என்றதும் அக்கம்பக்கத்து உரிமையாளர்களுக்கும் நீர் நிறுவனங்களுக்கும் அறிவிப்புப் போகும், கருத்துச் சொல்ல 60 நாள் தருவார்கள். மனையை விற்கவோ கடன் வாங்கவோ தேதி குறித்திருந்தால் இந்த 60 நாளைக் கணக்கில் சேருங்கள். அடுத்து கிணறுகளை அடைக்க வேண்டும். அதற்கும் கவுண்டி அனுமதி, அதற்கும் சி-57 உரிமம், தெருக் கிணறென்றால் மறுபடி சாலை அனுமதி. குழாயை அப்படியே சிமெண்ட் குழம்பால் அழுத்தி நிரப்புவதா, துளைத்து எடுத்துவிட்டு நிரப்புவதா என்பதை அனுமதி தரும் அலுவலகம் சொல்லும். இரண்டாவது முறைக்குச் செலவு கூடும். மனையில் ஒரு டிரம் மிச்சமிருந்தாலும் கடிதம் நிற்கும், ஆகவே கிணறு அடைக்கும் அன்றைக்கே வண்டியை வரவழையுங்கள். அடைத்ததற்கான அறிக்கையையும் கழிவுச் சீட்டுகளையும் ஜியோட்ராக்கரில் ஏற்றிய பிறகு மூடல் கடிதம் வரும்.

வந்ததும் அதோடு இணைத்த சுருக்கத்தில் 'மிச்சமுள்ள மாசு', 'மனை மேலாண்மைத் தேவைகள்' என்ற பகுதிகளைப் படியுங்கள். அடித்தளம் தோண்டும்போது அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றோ, தோண்டிய மண்ணைச் சோதித்துத்தான் வெளியேற்ற வேண்டும் என்றோ அங்கே எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தின் நகலைக் கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை தொடங்கும் முன் கொடுத்துவிடுங்கள்.